ஒன்று, இரண்டு, நான்கு

என் மகள் சிலேட்டை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறவள். அன்று அப்படி வரவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, சூடான சட்டியைத் தூக்கி வருவதுபோல் மெல்ல நடந்து வந்தாள். அதைப் பார்த்ததுமே நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

"தொடாதம்மா, அழிஞ்சிரும்" என்றாள்.

சிலேட்டில் மூன்று எண்கள் இருந்தன. ஒன்று, இரண்டு, நான்கு. அவற்றுக்குப் பக்கத்தில் வாத்தியார் இரண்டு சின்னக் கோடுகள் இழுத்திருந்தார். அடுத்து வரவேண்டிய இரண்டு எண்களை அந்தக் கோடுகளின் மேல் எழுதிக்கொண்டு மறுநாள் போகவேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"எழுதலன்னா என்னாவாம்?"

"சரியா எழுதினவங்க மூணாங்கிளாஸாம். தப்பா எழுதினவங்க பேர காயிதத்துல எழுதி கங்காணிகிட்ட குடுத்துருவாராம்."

அவள் அதை விளையாட்டுப்போலத்தான் சொன்னாள். அந்தக் காகிதம் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இருபதுகளின் நடுவில் நடந்தது இது. ஈப்போவிலிருந்து காம்பார் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்தோம். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். விலை ஏறினால் தொரைக்கு ஆள் போதாது. பள்ளிக்கூடக் கொட்டகையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், எட்டு வயது முடிந்தும் படிப்பு ஏறாதவர்களை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர் என்று வாத்தியாரைக் கேட்டுவிட்டார். ஏறாதது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாத்தியார் ஒரு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கப் பார்த்தார். என் மகளுக்கு அந்தத் தைப்பூசத்தோடு எட்டு முடிந்திருந்தது.

பெயர் காகிதத்தில் ஏறினால் மறுவாரமே புல்வெட்டு. லாலான் புல்லைச் சின்னக் கையால் பிடித்து இழுத்து, சின்னக் கத்தியால் அறுத்து, வெயில் ஏறும்வரை குனிந்தே இருக்கவேண்டும். எனக்கு அது நேரில் தெரியும். நானும் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தாப்பாப் பக்கத்துத் தோட்டத்தில், வாய்ப்பாட்டில் ஒன்றை மாற்றிச் சொன்னேன் என்று என் அப்பாவைக் கூப்பிட்டு, "இதுக்கு ஏறாது, வேலைக்கி விடு" என்று சொல்லிவிட்டார்கள். புல்வெட்டுக்குப் போன மூன்றாம் மாதம் எனக்குப் பக்கத்தில் குனிந்திருந்த பெண் புல்லுக்குள் கையை விட்டாள், பாம்பு கடித்த கையை எடுத்தாள், என்னைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் செத்துப்போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் எதையும் பயப்படாமல் தொட்டதில்லை. அரிசிப் பானைக்குள் கை விடுமுன்னே பானையைத் தட்டிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

சிலேட்டை அடுப்படியில் நனையாத இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து குளிக்கக்கூட இல்லை. ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டும் இரண்டும் நான்கு. அப்படியானால் நான்கும் நான்கும் எட்டு. எட்டும் எட்டும் பதினாறு. விரலை மடக்கி இரண்டு தரம் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்கே ஆச்சரியம். இரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது! பலப்பத்தை எடுத்து எட்டு, பதினாறு என்று எழுதினேன். மகளுக்குக் கருவாடு சுட்டுச் சோறு போட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்தார். கை முழங்கைவரை சுண்ணாம்பு. அந்த மாதம் அவருக்குப் பால்வெட்டு இல்லை, வளையம் போடுகிற வேலை. மரங்களை ரொம்ப நெருக்கி நட்டுவிட்டார்கள் என்று, ஒவ்வொரு நிரையிலும் மூன்றில் ஒரு மரத்தைச் சாகடிக்கச் சொல்லியிருந்தார் தொரை. இவர் சுண்ணாம்பு வாளியோடு முன்னால் போய், இரண்டை விட்டு மூன்றாவது மரத்தில் வெள்ளை வளையம் போடவேண்டும். பின்னால் வருகிற ஆள் வளையம் போட்ட மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு வருவான். போன ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்ததால் அன்று மகளையும் கூட்டிப் போயிருந்தார்.

அவருக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். சிலேட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்னாது, நாலுக்கு அப்புறம் எட்டா? யாரு எழுதினா?"

"நான்தான். ஏன்?"

"அஞ்சுல்ல வரணும்? அஞ்சு, ஏழு."

"எப்புடிங்க அஞ்சு?"

"இது என்னா பெரிய சூசாவா, இம்புட்டுக் கஷ்டப்பட? ஒண்ணாவது மரம் நிக்கிது. ரெண்டாவது நிக்கிது. மூணாவதுக்கு வளையம், அது போச்சு. நாலாவது நிக்கிது. அஞ்சாவது நிக்கிது. ஆறாவது போச்சு. ஏழாவது நிக்கிது. வாத்தியாரு நம்ம நெரையத்தான் எழுதி வச்சிருக்காரு, பாரு."

"ஆமாம்மா, மூணு செத்துப் போச்சு, அதான் எழுதல" என்றாள் மகள்.

நான் சிலேட்டைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு. மூன்று இல்லை. ஏன் இல்லை? அதுவரை அந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. இப்போது அந்த மூன்று இல்லாத இடம் மட்டும்தான் கண்ணில் பட்டது. அவர் சொன்னது தப்பு என்று எங்கேயும் பிடிக்க முடியவில்லை. நான் சொன்னதையும் பிடிக்க முடியவில்லை. ஒரு கணக்குக்கு இரண்டு விடை இருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு விடைக்காகத்தானே என்னை வேலைக்கு விட்டார்கள்?

"எது சரின்னு சொல்லுங்க."

"ரெண்டும் சரின்னு வச்சிக்கயேன்."

"ரெண்டும் சரின்னா வாத்தியாரு எதுக்குப் பேரு எழுதுவாரு?"

"நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

பொழுது இன்னும் இருந்தது. சிலேட்டை முந்தானையில் படாமல் பிடித்துக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போனேன். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவிக்கு நான் வாரத்தில் இரண்டு நாள் விறகு கொண்டுபோய்க் கொடுப்பேன். ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் படித்தவர், நல்ல மனுஷி. ஆனால் அவர் வீட்டுப் படியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு என் கால் சேற்றைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"என்ன பிள்ளை, இண்டைக்கு விறகு இல்லையே?"

"விறகு இல்லம்மா. புள்ளைக்கு ஒரு கணக்கு."

சிலேட்டை வாங்கிப் பார்த்தார். நான் எழுதியிருந்த எட்டையும் பதினாறையும் பார்த்துத் தலையைச் சாய்த்தார்.

"உதுவும் சரிதான். ஆனா நான் எண்டால் ஏழு எண்டு சொல்லுவன். பாரும், ஒண்டுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் ஒண்டு. ரெண்டுக்கும் நாலுக்கும் ரெண்டு. அடுத்தது மூண்டு கூட்டவேணும், ஏழு. பிறகு நாலு கூட்டவேணும், பதினொண்டு."

"அப்ப அஞ்சு வராதாம்மா?" என் வீட்டுக்காரர் சொன்ன மரக்கணக்கைச் சொன்னேன்.

கிராணியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அட, அதுவும் வரும்தானே! உம்மட மனுசன் கெட்டிக்காரன்."

"இதுல எதும்மா சரி?"

"மூண்டு எண்ணை மட்டும் தந்திட்டு அடுத்தது என்ன எண்டு கேட்டால் ஆராலும் சொல்லேலாது, பிள்ளை. வாத்தியார் மனசில என்ன நினைச்சாரோ, அதுதான் விடை. அதுக்கேன் இப்பிடி நடுங்குறீர்?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்புச் சொன்னதுபோல் இருந்தது. படித்த பெண்ணாலும் சொல்ல முடியாத கணக்கு. அதை என் மகள் எட்டு வயதில் சொல்லவேண்டும். தப்பினால் புல்லுக்குள் கையை விடவேண்டும்.

திரும்பி வரும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. சிலேட்டைக் கவிழ்த்துப் பிடித்தும் விளிம்பெல்லாம் நனைந்துவிட்டது. வீட்டில் வந்து எட்டையும் பதினாறையும் அழித்தேன். ஏழு, பதினொன்று எழுதினேன். வாத்தியாரும் படித்தவர், கிராணியம்மாவும் படித்தவர், படித்தவர்களுக்கு ஒரே மாதிரிதான் தோன்றும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்குத்தானே, வாய்ப்பாடுபோல எட்டாகத்தான் இருக்கும் என்று அழித்தேன். அழிக்கிறபோது வாத்தியார் எழுதியிருந்த நான்கிலும் கை பட்டுவிட்டது. அந்த நான்கை நானே திரும்ப எழுதினேன். என் நான்கு அவர் நான்குபோல் இல்லை, கோணலாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் வைத்து எழுதினாயா என்று கேட்டுவிட்டால்?

வாத்தியாரிடமே போய்க் கேட்டால் என்ன என்றும் நினைத்தேன். அவர் தனியாள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் நான் அங்கே போய் நின்றால் லயத்து வீடுகள் முழுக்க என்ன பேசும் என்று நினைத்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, நான் எதத்தான் எழுதறது?"

மூன்று விடையையும் அவளிடம் சொன்னேன். இது இது, இப்படி இப்படி என்று விளக்கினேன். அவள் மூன்றுக்கும் தலையாட்டினாள். அதற்கு மேல் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோடுகளை வெறுமையாகவே விட்டுவிட்டு, "ஒனக்கு எது தோணுதோ அத எழுதிக்க தாயி" என்று சொன்னேன். நான் எழுதி அது தப்பாகிவிட்டால் தாங்கமாட்டேன் என்று, எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அதைத் தூக்கி வைத்தேன்.

மறுநாள் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு என் நிரைக்குப் போனேன். விடிந்து வந்தது. ஒரு மரத்தில் பால் வெட்டினேன். அடுத்த மரம். பால்வெட்டு உளி பட்டைக்குள் ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டது. கங்காணி பார்த்தால் தொலைந்தேன். மண்ணை எடுத்து அப்பிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு வெள்ளை வளையம். அதற்கு அப்பால் இரண்டு மரம், திரும்ப வளையம். கண்ணுக்கு எட்டியமட்டும் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு.

அவள் இதைத்தான் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்பாவுக்கு முன்னால் ஓடி ஓடி எண்ணிய பிள்ளை வேறெதை எழுதும்? வாத்தியாரோ நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, காலில் அட்டை ஏறும் என்று நிரைப் பக்கமே வராதவர். அவருக்கு எங்கே இந்த மரம் தெரியப்போகிறது?

வாளியை அங்கேயே வைத்தேன். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. நிரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்று தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். முன்னே பின்னே நான் அப்படிச் செய்ததில்லை. நடக்கத் தொடங்கியவள் ஓடினேன்.

பள்ளிக்கூடம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட திறந்த கொட்டகை. தூரத்திலிருந்தே தெரிந்தது. வாத்தியார் நான்கு பேரைத் தூணோரம் நிறுத்தியிருந்தார். நான்கில் ஒன்று என் மகள். மேசைமேல் மைப்புட்டிக்கு அடியில் ஒரு காகிதம்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். பார்த்தவர் ஓரடி பின்னால் போனார்.

"என்னம்மா இது, உளியோட வந்து நிக்கிறே?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். உளியை இடுப்பில் செருக மறந்திருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்பக்கமாக உளியை மறைத்துக்கொண்டு, "வாத்தியாரையா, எம்புள்ள அஞ்சு, ஏழுன்னுதானே எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமா. எட்டு, பதினாறு எழுதணும். இரட்டிச்சுக்கிட்டே போகணும். உம்மக அஞ்சுன்னு எழுதிட்டு, மூணு செத்துப் போச்சுங்குது. என்னான்னு கேட்டா முழிக்குது."

"செத்தது மரம், வாத்தியாரையா."

"என்னது?"

எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. வளையத்தைச் சொன்னேன், சுண்ணாம்பைச் சொன்னேன், கொட்டகைக்கு வெளியே தெரிந்த நிரையைக் கைநீட்டிக் காட்டினேன். உளி இருந்த கையைத்தான் நீட்டியிருக்கிறேன். அவர் அதற்கும் விலகினார். அப்புறம் ஏழு, பதினொன்றையும் சொன்னேன். யார் சொன்னது என்றும் சொன்னேன்.

"இந்த மூணுல எட்டு மட்டும் ஏன்யா சரி? ஏழு ஏன் தப்பு? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிர்றேன்."

வாத்தியார் பலகையைப் பார்த்தார். சின்ன வயதுக்காரர்தான், அப்போது எனக்கு அது தெரியவில்லை. மேடைமேல் ரோத்தான் பிரம்போடு நின்றதால் பெரியவராகத் தெரிந்தார். கிட்டத்தில் பார்த்தால் மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. கழுத்தில் வேர்வை. அவருக்கும் பயமாக இருக்கிறது என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அது எனக்குத் தைரியம் தரவில்லை. பயப்படுகிறவர் கையில் அல்லவா என் பிள்ளையின் பெயர் இருக்கிறது என்று பயம் கூடத்தான் செய்தது.

"ரெண்டு நம்பரு கூடப் போட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. கங்காணி.

"வாத்தியாரே, காயிதம் ரெடியா?" உள்ளே வந்தவர் என்னைக் கண்டார். "இந்தா, நீ எங்க இங்க? நெரைய யாரு ஒங்க பாட்டனா வெட்டுறான்?"

வாத்தியார்தான் பேசினார். "நாந்தான் கூப்பிட்டு விட்டேன் கங்காணியாரே. புள்ளை விஷயமா."

"சரி, காயிதத்தக் குடு."

வாத்தியாரின் கை மைப்புட்டியின் மேல் போய் நின்றது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கி இல்ல. கணக்க நான் தப்பாக் குடுத்துட்டேன். திரும்பக் கேக்கணும்."

கங்காணி பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். "வாத்தியாருக்கே கணக்குத் தப்பா? அப்ப ஒம்பேரையும் அதுல எழுதிரலாம், புல்வெட்டுக்கு ஆளு பத்தல!" சிரிப்பு நின்றது. "நாளைக்கி வாரேன். நாளைக்கும் காயிதம் இல்லன்னா தொரைகிட்ட நீயே போயிச் சொல்லிக்க." என்னிடம், "போ, போ. பால் ஒறைஞ்சு கெடக்கும்" என்றார்.

அவர் போனதும் வாத்தியார் பலகையில் எழுதினார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு.

"இப்ப சொல்லு" என்றார் என் மகளிடம்.

அவள் விரல்களை விரித்தாள், போதவில்லை. என் பக்கம் திரும்பினாள். நான் என் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். உதவி செய்தால் அதுவே குற்றமாகிவிடும் என்ற பயம். அவள் பலகையைப் பார்த்து உதடசைய எண்ணினாள். எண்ணி முடிக்க ஒரு யுகம் ஆனது.

"முப்பத்திரெண்டு."

"போய் மூணாங்கிளாஸ் பெஞ்சில உட்காரு."

வாத்தியார் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அதற்கு மேல் நான் நிற்கவில்லை. நிரைக்கு ஓடினேன். வழியெல்லாம் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன், சொல்வதை நிறுத்தினால் மாறிவிடும்போல.

மற்ற மூன்று பேர் என்ன சொன்னார்கள் என்று அன்று சாயங்காலம் மகளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. காகிதத்தில் என் மகள் பெயர் இல்லை, அது போதும் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை பெரட்டில் பெண்கள் வரிசையின் கடைசியில், எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளியிருந்த பெண் பிள்ளை நின்றது. என் மகளோடு தூணோரம் நின்றவள். இடுப்பில் சாக்குத் துணி, கையில் புதுப் புல்வெட்டுக் கத்தி. அவளுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, பலப்பத்தைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்திருந்தாள்.

நான் அவளிடம் போய், புல்லைக் கையால் விலக்காதே, முதலில் கத்தியால் தட்டு, தட்டிவிட்டு நில், அப்புறம் தொடு என்று சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கங்காணி பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.